கரண்டல்ல, கதிர்!

ஏழாயிரம்பண்ணைக்குச் சென்றிருந்தோம். கரிசல் மண்ணில் கால் வைத்தாலே கொப்புளிக்கும் வெயில். தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையும் விட்ட நேரத்திலே, கைகளில் மருந்துக் கறையோடு, தோளிலே துண்டோடு, தோழர்கள் திரள் திரளாக வந்தனர். கொடி ஏற்றினோம், பேசினோம், கூட்டம் முடிந்தது.

மேடையை விட்டு இறங்கியபோது ஒரு குறை நம் நெஞ்சை உறுத்தியது. அந்த ஊரிலே எப்போது கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் நின்று முதல் முழக்கம் எழுப்பும் தோழர் ஒருவர் உண்டு. ஒலிபெருக்கி பழுதுபட்டாலும் கவலையில்லை, அவர் குரல் கடைசித் தெரு வரை கேட்கும். அன்று அந்தக் குரல் எழவில்லை. தேடினோம். கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, தேநீர்க் கடை ஓரத்திலே நின்றிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, குரலைக் காணோமே?" என்று கேட்டோம்.

கிழிந்த தோலில் காற்று மோதுவதுபோல் ஓர் ஓசை வந்தது. "தொண்டையிலே கட்டியாம் தம்பி. மதுரைக்குப் போயி கரண்டு வைக்கணும்கிறாங்க. முப்பத்தஞ்சு நாளாம். கரண்டு வச்சவன் பொழைக்கமாட்டான்னு தெருவிலே பேசிக்கிடுறாங்க. அண்ணாவையே அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோயும் காப்பாத்த முடியலே. நாம எம்மாத்திரம்? முப்பத்தஞ்சு நாள் ஆலைக்குப் போகலைன்னா அடுப்பு எரியுமா?"

மூன்று கேள்விகள்! ஒன்று, அச்சம் கேட்ட கேள்வி. இன்னொன்று, அன்பு கேட்ட கேள்வி. மூன்றாவது, வயிறு கேட்ட கேள்வி. அந்தத் தோழர் ஒருவருக்கு மட்டும் உரிய கேள்விகளல்ல இவை. ஊருக்கு ஊர் கேட்கப்படுபவை. விடை கிடைக்காததால் ஊருக்கு ஊர் உயிரைக் குடிப்பவை. எனவேதான் இன்று அரசியல் எதிரிகளுக்கு விடை சொல்வதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, இந்த மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல முற்படுகிறோம்.

முதலில் அச்சத்தைப் பார்ப்போம்.

'கரண்டு வைப்பது' என்கிறார்கள். யார் வைத்த பெயரோ தெரியாது. ஆனால் அந்தப் பெயரே பாதி ஆளைக் கொன்றுவிடுகிறது! மின்கம்பியைத் தொட்டவன் கருகி விழுந்ததைக் கண்ட கண்கள், மருத்துவமனையிலும் அப்படித்தான் நடக்கும் என்று எண்ணி நடுங்குகின்றன. தோழர்களே! அங்கே உடம்பில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. பாய்ச்சப்படுவது கதிர். கைமுறிவுக்குப் படம் எடுக்கிறார்களே, எக்ஸ்ரே, அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் கதிரை 1895ஆம் ஆண்டில் ராண்ட்கன் கண்டுபிடித்தார். ரேடியத்தை 1898இல் கியூரி இணையர் கண்டுபிடித்தனர். அன்று தொடங்கிய ஆராய்ச்சி 1951இல் கனடா நாட்டில் கோபால்ட் கருவியாக வளர்ந்து, இன்று லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் கருவியாக நிற்கிறது. மந்திரவாதி தந்த தாயத்தல்ல, அறிஞர் பலர் ஆயுளைச் செலவிட்டுத் தந்த கருவி!

அது செய்யும் வேலை என்ன? நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றில் சில கட்டுப்பாட்டை மீறி, கேட்பாரற்றுப் பெருகுவதே புற்று. கதிர் அந்த உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, அது பெருகுவதற்கான இழையை அறுக்கிறது. பக்கத்திலிருக்கும் நல்ல உயிரணுவுக்கும் கொஞ்சம் அடி விழத்தான் செய்யும். ஆனால் நல்லதற்குத் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றல் மிகுதி. கெட்டதற்கு அது குறைவு. அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தத்தான் ஒரே நாளில் முழுக் கதிரையும் செலுத்தாமல், நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒருமுறை, 7 வாரம், 35 அமர்வு என்பது தொண்டைப் புற்றுக்குப் பெரும்பாலும் வகுக்கப்படும் கணக்கு. ஒவ்வோர் அமர்விலும் கதிர் பாய்வது சில நிமிடம்தான். தலை அசையாதிருக்க முகத்துக்கு அளவெடுத்து ஒரு கூடு செய்து மாட்டுவார்கள். கதிர் பாயும்போது வலிக்காது, சுடாது, அதிர்ச்சி அடிக்காது. கருவியிலிருந்து வெளியே வந்தவர் உடம்பில் கதிர் தங்கியிருப்பதுமில்லை. அவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். மனைவியோடு அமர்ந்து உண்ணலாம்.

துன்பமே இல்லை என்று நாம் பொய் சொல்லமாட்டோம். இரண்டு மூன்று வாரம் சென்றதும் வாய் புண்ணாகும். எச்சில் வற்றும். சோறு மண்ணாய்ச் சுவைக்கும். கழுத்துத் தோல் கறுக்கும். விழுங்க முடியாத சிலருக்குக் குழாய் வழியாகக் கஞ்சி செலுத்தவேண்டி வரும். இவற்றுள் பெரும்பாலானவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் தணிந்துவிடும். வாய் வறட்சி மட்டும் சிலரை நெடுநாள் விடாது. பல்லில் சொத்தையிருந்தால் கதிர் தொடங்குமுன்பே பார்த்துவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு கெடும். இவையெல்லாம் உண்மை. பட்டாசு ஆலையிலே தீக்காயம் பட்டவருக்கு மருந்து போட்டாலும் எரியத்தான் செய்கிறது. எரிகிறதென்று மருந்தை வீசியா எறிகிறோம்?

கரண்டு வைத்தவன் பிழைக்கமாட்டான் என்ற பேச்சு எப்படிப் பிறந்தது? கட்டி தெரிந்த நாளில் எவரும் வருவதில்லை. மூன்று மாதம் கைவைத்தியம். மூன்று மாதம் மந்திரித்த கயிறு. மூன்று மாதம் 'யார் செய்த பாவமோ' என்ற புலம்பல். தண்ணீர்கூட இறங்காத நாளில்தான் மருத்துவமனை. கடைசியில் வந்தவர் இறந்தால் கதிர் கொன்றது என்கிறார்கள். கதிரா கொன்றது? காலத்தாழ்வு கொன்றது! மூடத்தனம் கொன்றது! பழி மட்டும் கதிர்மீது!

இங்கே தோழர்கள் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். தொண்டைப் புற்று என்று ஒரே பெயரால் அழைக்கிறோமே, அது ஒரு நோயல்ல, ஒரு கூட்டம். குரல்வளையிலே வருவது ஒன்று. அடித்தொண்டையிலே வருவது ஒன்று. மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே, கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எளிதில் தெரியாத மூலையிலே வருவது இன்னொன்று. இந்த மூன்றாவது வகை தென் சீனத்திலே மிகுதி, நம் நாட்டில் நாகாலாந்திலே மிகுதி, தமிழ்நாட்டில் அரிது. அரிது என்பதாலேயே கொடிது. கழுத்தில் ஒரு கட்டி தோன்றும். காசநோய்க் கட்டி என்று கருதி நாள் கடத்துவார்கள். ஒரு காது மட்டும் அடைக்கும். சளி என்பார்கள். மூக்கில் இரத்தம் கசியும். சூடு என்பார்கள். அந்த மூலைக்கு அறுவைக்காரரின் கத்தி எளிதில் செல்லாது. ஆனால் கதிர் செல்லும்! அந்த வகைப் புற்று கதிருக்கு நன்றாகவே பணியும். தொடக்கத்தில் கண்டுகொண்டால் கதிர் ஒன்றாலேயே பெரும்பாலோர் நலம் பெறுகிறார்கள். முற்றிய நிலையில் கதிரோடு மருந்தும் சேர்த்துத் தருகிறார்கள்.

குரல்வளைப் புற்றின் கதையோ நமக்கு இன்னும் நெருக்கமானது. நாம் குரலால் வளர்ந்த இயக்கத்தார். பணமூட்டை நம்மிடம் இருந்ததில்லை. தெருமுனையிலே ஒரு மேசை, அதன்மேல் ஒரு விளக்கு, அதன் பின்னே ஒரு குரல் என்று வளர்ந்தோம். அந்தக் குரல்வளையையே அறுத்தெடுத்துவிட வேண்டுமென்றால்? முற்றிய குரல்வளைப் புற்றுக்கு முன்னாளில் அதுதான் வழி. உயிர் தங்கும், குரல் போகும். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 332 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஒரு பாதிப் பேருக்குக் குரல்வளையை அகற்றிவிட்டுக் கதிர். மறுபாதிப் பேருக்கு மருந்தும் கதிரும். இரண்டாண்டு கழித்துப் பார்த்தால், உயிரோடிருந்தோர் கணக்கு இருபக்கமும் ஒன்றே. ஆனால் மருந்தும் கதிரும் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் குரல்வளையைக் காத்துக்கொண்டனர்! தொடக்க நிலையிலேயே வந்துவிட்டாலோ, கதிர் ஒன்றே போதும். குணமடைவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர். முழக்கமிட்ட குரல் மீண்டும் முழக்கமிடும்!

இனி, அன்பு கேட்ட கேள்வி. "அண்ணாவையே காப்பாற்ற முடியவில்லையே!"

எழுதும்போதே கை தளர்கிறது. 1967 மார்ச்சில் ஆட்சிப் பொறுப்பேற்ற நம் அண்ணன், அடுத்த ஆண்டிலேயே உணவு விழுங்கமுடியாமல் துன்புற்றார். 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரத்து மெமோரியல் மருத்துவமனையிலே அறுவை. நவம்பரில் நாடு திரும்பினார். நாட்டுக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டியதைக் கண்டார். 1969 சனவரி 14ஆம் நாள், மெலிந்த உடலோடு வந்து கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார். பிப்ரவரி 3ஆம் நாள், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அந்த ஒளி அணைந்தது. பாவம் செய்தவனுக்குத்தான் புற்று வரும் என்று பிதற்றுவோரைக் கேட்கிறோம்: எங்கள் அண்ணா செய்த பாவம் என்ன? இன்னொரு வீட்டு இழவிலே முற்பிறவிக் கணக்கு எழுதுவதுதான் உங்கள் ஞானமா?

ஆனால் தோழர்களே, அண்ணாவின் மறைவிலிருந்து 'மருத்துவம் வீண்' என்ற பாடத்தைக் கற்பது, அண்ணாவுக்கு நாம் செய்யும் பெருந்தவறு. அவரைத் தாக்கியது உணவுக்குழல் புற்று. மேலே சொன்ன தொண்டைப் புற்றுகளைக் காட்டிலும் கொடியது. இன்றும் மருத்துவரைத் திணறடிப்பது. அன்று மருத்துவத்தின் கையில் இருந்தவை என்ன? உடம்பை அடுக்கடுக்காக அறுக்காமலே படம் பிடித்துக் காட்டும் சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளி படுத்தது 1971இல். கதிருக்குத் துணை நிற்கும் சிஸ்பிளாட்டின் மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது 1978இல். அண்ணா மறைந்தது 1969இல்! உணவுக்குழல் புற்றுக்குக் கதிர் மட்டும் தருவதா, கதிரோடு மருந்தும் தருவதா என்று பின்னாளில் ஆய்ந்து பார்த்தனர். கதிர் மட்டும் பெற்ற பிரிவில் ஐந்தாண்டைக் கடந்தவர் ஒருவருமில்லை. இரண்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 26 பேர் கடந்தனர். 26 என்பது பெரிய எண்ணா என்று கேட்கலாம். சுழி இருந்த இடத்தில் 26! அந்த 26இல் ஒருவர் நம் வீட்டாராக இருந்தால் அதன் பெருமை விளங்கும்.

அண்ணா இறுதி மூச்சு விட்ட அந்த அடையாறு மருத்துவமனை எப்படி எழுந்தது என்பதையும் எண்ணுங்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. 1954இல், வெறும் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். 1950களிலேயே கோபால்ட் கருவி கனடாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்தது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021 சனவரியில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும், ஏழைக்கும் கதிர் கிடைக்கவேண்டுமென்று பாடுபட்டனர். அண்ணா பிறந்த காஞ்சியிலோ, அவர் பெயராலேயே காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இறந்தவர் பெயரால் அழுகை மட்டும் வளரவில்லை, மருத்துவமும் வளர்ந்தது. அண்ணாவின் மரணத்தைக் காட்டி மருத்துவத்துக்குப் போகாதிருப்பவர், அண்ணா பெயரால் எழுந்த கதவையே தம் கையால் சாத்திக்கொள்கிறார்.

மூன்றாவது, வயிறு கேட்ட கேள்வி. உண்மையில் இதுதான் முதற்கேள்வி. அச்சத்தைப் பேச்சால் போக்கலாம். பசியைப் பேச்சால் போக்கமுடியுமா?

ஏழாயிரம்பண்ணைத் தோழருக்கு 'மருந்து' என்றால் பட்டாசுக்குள் அடைக்கும் மருந்துதான் முதலில் நினைவுக்கு வரும். எத்தனை அடைத்தாரோ அத்தனைக்குக் கூலி. ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி இல்லை. 35 நாள் சிகிச்சை என்றால், போகவர அலைச்சலும் புண்ணாறும் நாளும் சேர்த்து மூன்று மாதம் ஆலைப்பக்கம் போகமுடியாது. சிகிச்சைக்குப் பணமில்லையே என்ற கவலை ஓரளவு குறைந்திருக்கிறது. அரசு மருத்துவமனை உண்டு. 2009 சூலையில் கலைஞர் தொடங்கிய உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டம் இட்ட அடித்தளம் உண்டு. ஆனால் வீட்டு உலை? மளிகைக் கடைப் பாக்கி? ஆலையில் வாங்கிய முன்பணம்?

இதனால்தான் பலர் பத்து நாள் போய்விட்டு, 'வலி குறைந்தது, பிறகு பார்க்கலாம்' என்று ஆலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தோழர்களே! தொடங்காதிருப்பது ஒரு கேடு என்றால், இடையில் விடுவது அதற்கு இளைத்த கேடல்ல. பாதி அடிபட்ட புற்று, இடைவெளி கிடைத்ததும் முன்னிலும் விரைவாகப் பெருகும். தவறிய ஒவ்வொரு நாளும் குணமாகும் வாய்ப்பை அரித்துத் தின்னும். கதிர் நடக்கும் நாளில் பீடி பிடிப்பதும் அப்படியே. கதிரின் கையைக் கட்டிப்போடும்.

அப்படியானால் குடும்பத்துக்கு வழி? வழி சட்டத்திலே இருக்கிறது. தொழிலாளர் ஈட்டுறுதியில், அதாவது இ.எஸ்.ஐ.யில், பெயர் பதிந்து உரிய நாள்கள் சந்தா செலுத்தியவருக்கு நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். புற்றுநோய் போன்ற நெடுநோயாகி, இரண்டாண்டுத் தொடர்ந்த வேலையும் இருந்தால், அதன்பிறகு இரண்டாண்டுவரை நூற்றுக்கு 80 பங்கு உண்டு. 2019 சூலை முதல் இதற்காகத் தொழிலாளி கூலியில் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி செலுத்துவது நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய். சாத்தூரில் இரயில் ஏறி மதுரைக்கோ நெல்லைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் நூற்றுக்கு 75 தள்ளுபடி; துணைக்குச் செல்பவருக்கும் அப்படியே.

சலுகை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இல்லாதது எது? வருகைப் பதிவேட்டில் தொழிலாளியின் பெயர்! நூறு பேர் வேலை செய்யுமிடத்தில் பாதிப்பேருக்கே பெயர் எழுதும் முதலாளி, மூன்றேகால் ரூபாயை மிச்சம் பிடிக்கவில்லை. தொழிலாளியின் தொண்டையைப் பிடிக்கிறார்!

2021 பிப்ரவரி 12ஆம் நாள், ஏழாயிரம்பண்ணைக்கு அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து, இருபதுக்கும் மேற்பட்ட உழைப்பாளர் உயிர் போயிற்று. நாடே திரும்பிப் பார்த்தது, அமைச்சர்கள் வந்தார்கள், உதவித்தொகை அறிவித்தார்கள். வெடித்துச் சாகிறவனை நாடு பார்க்கிறது. பாதிச் சிகிச்சையிலே திரும்பிவந்து, ஓசையின்றி, ஓலைக்கூரையின்கீழ், ஒருவாய்க் கஞ்சி இறங்காமல் சாகிறவனை யார் பார்க்கிறார்கள்? பட்டாசு மருந்துதான் தொண்டைப் புற்றைத் தருகிறது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. அறியாததைச் சொல்வது பகுத்தறிவாகாது. புகையிலையும் சாராயமுமே பெருங்காரணம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆலைக்குள்ளே பீடி பற்றவைத்தால் கட்டடமே பறக்கும் என்று அறிந்த தோழர், வெளியே வந்ததும் தன் நெஞ்சுக்குள்ளே பற்றவைப்பது ஏன்? இதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நோய் எதனால் வந்தது என்பது வேறு. வந்தபின் கூலி போய்விடுமே என்று சிகிச்சையை விடுவது வேறு. முன்னது பழக்கத்தின் குற்றம். பின்னது சமுதாயத்தின் குற்றம்.

அரசைக் கேட்கிறோம்: கதிர் சிகிச்சைக்கு வரும் தொழிலாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் அந்த ஏழு வாரமும் மருத்துவமனை அருகிலேயே தங்குமிடமும் உணவும் வேண்டும். ஈட்டுறுதியில் இடம்பெறாத கூலியாளுக்குச் சிகிச்சைக் காலப்படி வேண்டும். ஆலைகளின் பதிவேடுகளை ஆண்டுதோறும் ஆய்ந்து, விடுபட்ட பெயர்களைச் சேர்க்க வேண்டும். கருவி வாங்கினால் போதாது. கருவிக்கு முன்னே ஏழை 35 நாளும் வந்து படுக்கும்படி செய்தால்தான் கருவிக்குப் பயன்.

கிளைக் கழகத் தோழர்களையும் கேட்கிறோம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியவர், விழுங்கச் சிரமப்படுபவர், கழுத்தில் கட்டி உள்ளவர், ஒரு காது மட்டும் வலிக்கிறவர் உங்கள் தெருவில் இருந்தால், மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். படிப்பகத்திலே ஈட்டுறுதி விவரத்தை எழுதித் தொங்கவிடுங்கள். சிகிச்சைக்குச் செல்பவருடன் முறைவைத்து ஒருவர் செல்லுங்கள். 35 நாளுக்கு 35 தோழர் இல்லாத ஊரா ஏழாயிரம்பண்ணை? சுவரொட்டிச் செலவில் ஒருபகுதியைக் குறைத்து, அந்த வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள். சுவரில் ஒட்டியது மழையில் கரையும். உலையில் இட்டது நெஞ்சில் நிற்கும்.

அன்று தேநீர்க் கடை ஓரத்தில் இதையெல்லாம் அந்தத் தோழரிடம் சொன்னோம். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "திங்கக்கிழமை போறேன் தம்பி" என்றார். சுற்றி நின்ற இளைஞர்களில் ஒருவர், "நான் கூட வாரேன் அண்ணாச்சி" என்றார். அடுத்த நாளுக்கு இன்னொருவர் பெயர் கொடுத்தார். அதற்கடுத்த நாளுக்கு வேறொருவர்.

தேநீர் ஆறுமுன்னே முதல் வாரம் நிறைந்துவிட்டது. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஏழாயிரம்பண்ணைத் தோழர்களே, பெயர் கொடுங்கள்!